புளூரே, எச்டி டிவிடி, நம்ம ஊர் கல்யாண கேசட்

2008 பிப்ரவரி 19-ந் தேதி டோக்கியோவில் தோஷிபா கம்பெனி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. எச்டி டிவிடி என்ற தங்களுடைய புதுவகை டிஸ்க்குக்கான பிளேயர்களை இனிமேல் தயாரிக்கப் போவதில்லை என்று. அதோடு ஒரு சண்டை முடிந்தது. சோனியும் அதன் கூட்டாளிகளும் கொண்டுவந்த புளூரே ஜெயித்தது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஆசைப்பட்டு எச்டி டிவிடி பிளேயர் வாங்கியிருந்தவர்கள், இனி புதுப்படம் எதுவும் வராத ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு விழித்தார்கள்.

கடலூரிலும் சிதம்பரத்திலும் அன்றைக்கு யாரும் இதற்காக வருத்தப்பட்டிருக்க மாட்டார்கள். அப்படியானால் இதைப் பற்றி எதற்கு ஒரு கட்டுரை என்று கேட்பீர்கள். அந்தச் சண்டையில் வாடிக்கையாளர்கள் பட்ட குழப்பத்தைப் படிக்கப் படிக்க, இது நம்ம கடற்கரைக்காரர்கள் வேறு ரூபத்தில் 25 வருடமாகப் பட்டுக்கொண்டிருந்த குழப்பம்தானே என்று எனக்குத் தோன்றியது. அதனால்தான்.

முதலில் சண்டை என்ன என்று பார்த்துவிடுவோம்.

சிடி, டிவிடி எல்லாமே லேசர் ஒளியால் படிக்கப்படுபவை. சிடிக்கும் விசிடிக்கும் 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650. அலைநீளம் குறையக் குறைய இன்னும் பொடிப் பொடியான புள்ளிகளைப் படிக்கலாம், அதாவது அதே அளவு தட்டில் அதிக விஷயத்தை அடைக்கலாம். நீல ஊதா நிற லேசர் (405 நானோமீட்டர்) கைக்கு வந்ததும் அடுத்த தலைமுறை டிஸ்க் சாத்தியமானது. இதில் வேடிக்கை என்னவென்றால், எச்டி டிவிடி, புளூரே இரண்டுமே இதே லேசரைத்தான் பயன்படுத்தின. இரண்டும் ஒரே 12 செ.மீ. தட்டு. இரண்டும் தந்த படமும் 1920க்கு 1080 புள்ளிகள்தான். ஒரு அடுக்கில் எச்டி டிவிடியில் 15 ஜிபி, புளூரேயில் 25 ஜிபி. வீட்டில் படம் பார்ப்பவருக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படாது. ஆனால் ஒன்றின் டிஸ்க் மற்றதில் ஓடாது!

எச்டி டிவிடி 2006 மார்ச் கடைசியில் ஜப்பானிலும் ஏப்ரலில் அமெரிக்காவிலும் வந்தது. ஜூனில் புளூரே அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. தோஷிபாவின் முதல் பிளேயர் 499 டாலர், சாம்சங்கின் முதல் புளூரே பிளேயர் கிட்டத்தட்ட 1000 டாலர். சினிமா கம்பெனிகளும் அணி பிரிந்தன. டிஸ்னியும் ஃபாக்ஸும் புளூரே பக்கம், யுனிவர்சல் எச்டி டிவிடி பக்கம், வார்னர் இரண்டு பக்கமும். பாரமவுண்ட் முதலில் இரண்டிலும் வெளியிட்டுவிட்டு 2007 ஆகஸ்டில் திடீரென்று எச்டி டிவிடி மட்டும் என்றது. ஆக, எல்லாப் படமும் பார்க்க வேண்டுமானால் இரண்டு பிளேயர் வாங்க வேண்டும். எல்ஜி கம்பெனி இரண்டையும் ஓட்டும் ஒரு பிளேயரை 2007-ல் கொண்டுவந்தது, விலை 1199 டாலர்! அந்த விலைக்கு தோஷிபாவின் முதல் பிளேயரை இரண்டு வாங்கி, மிச்சத்தில் படமும் வாங்கலாம்.

ஜனங்கள் என்ன செய்தார்கள்? பெரும்பாலானவர்கள் எதையுமே வாங்காமல் சும்மா இருந்தார்கள். பழைய டிவிடியே போதும் என்று. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. இரண்டு பேர் சண்டை போடும்போது கையில் காசு வைத்திருப்பவன் ஒதுங்கி நிற்பதுதான் புத்திசாலித்தனம். கடைசியில் 2008 ஜனவரி 4-ந் தேதி வார்னர் கம்பெனி புளூரே பக்கம் முழுதாகச் சாய்ந்தது, பிப்ரவரியில் வால்மார்ட் கடைகளும் புளூரே மட்டும்தான் என்றன, நாலே நாளில் தோஷிபா கடையைக் கட்டியது.

இத்தனைக்கும் இதே கம்பெனிகள் 1995-ல் இதே மாதிரி முட்டிக்கொள்ள இருந்தவைதான். அப்போது சோனியும் பிலிப்ஸும் ஒரு டிஸ்க், தோஷிபா கூட்டணி வேறு ஒரு டிஸ்க் என்று வைத்திருந்தார்கள். ஐபிஎம் போன்ற கம்ப்யூட்டர் கம்பெனிகள் தலையிட்டு, இரண்டு வேண்டாம் ஒன்றாக்குங்கள் என்று வற்புறுத்தியதில் பிறந்ததுதான் டிவிடி. பத்து வருடம் கழித்து அப்படி மத்தியஸ்தம் செய்து சேர்த்துவைக்க யாராலும் முடியவில்லை.

இப்போது நம்ம பக்கம் வருவோம். அதே 2006. மே மாதம் கலைஞர் ஆட்சிக்கு வந்தார். தேர்தல் வாக்குறுதிப்படி செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்று இலவச கலர் டிவி திட்டம் தொடங்கியது. 14 அங்குல டிவி, பின்பக்கம் பெரிய குழாய் வைத்த பழைய மாடல். 2011 வரைக்கும் மாநிலம் முழுக்க ஒன்றரைக் கோடிக்கும் மேல் கொடுத்தார்கள். அந்த டிவியில் மொத்தமே 576 வரிப் படம்தான் வரும். மஞ்சள் பின் வயரில் புளூரே பிளேயரையே கொண்டுவந்து மாட்டினாலும் அதே 576 வரிதான், எச்டி சிக்னல் அந்த மஞ்சள் வயரில் போகவே போகாது. உலகம் 1080 வரிக்காக அடித்துக்கொண்ட அதே வருடத்தில் நம்ம தெருக்களில் பல வீடுகளுக்கு முதல் கலர் டிவியே அப்போதுதான் வந்து இறங்கியது. இதை வைத்து நம்மைப் பின்தங்கியவர்கள் என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். ஒன்றுமே இல்லாத வீட்டுக்கு 14 அங்குல கலர் டிவி என்பது, 40 அங்குல எச்டி டிவி வைத்திருப்பவனுக்குப் புளூரே வந்ததை விடப் பல மடங்கு பெரிய மாற்றம்.

2007-ல் சோனியின் பிளேஸ்டேஷன் 3 இந்தியாவுக்கு வந்தது. புளூரே ஓட்டும் பெட்டி, விலை சுமார் 40,000 ரூபாய். அதே காலகட்டத்தில் மோசர் பேர் என்ற இந்தியக் கம்பெனி சினிமா டிஸ்க் விற்க இறங்கியது. விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய்! அதுவரைக்கும் ஒரிஜினல் டிஸ்க் என்றாலே நூறு ரூபாய்க்கு மேல் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் மளிகைக் கடையில்கூட படம் வாங்கினார்கள். (இதே கம்பெனி 2008-ல் 'பூ' படத்தையும் தயாரித்தது.)

நம்ம ஊர்க் கடைகளில் இருந்த நிஜமான குழப்பம் அந்த 28-க்கும் 34-க்கும் நடுவில்தான். டிவிடி பிளேயரில் விசிடி ஓடும், விசிடி பிளேயரில் டிவிடி ஓடாது. ஆனால் பார்க்க இரண்டும் ஒன்று. பாட்டு சிடி, எம்பி3 சிடி, விசிடி, டிவிடி எல்லாமே ஒரே அளவு, ஒரே பளபளப்பு, நடுவில் ஒரே ஓட்டை. கேசட் காலத்தில் இந்தச் சிக்கல் கிடையாது. பீட்டாமேக்ஸ் கேசட்டை விஎச்எஸ் டெக்கில் நுழைக்கப் பார்த்தால் கைக்கே தெரிந்துவிடும். டிஸ்க் விஷயத்தில் கையும் ஏமாறும், கண்ணும் ஏமாறும். உள்ளே போய்ச் சுற்றிவிட்டு 'நோ டிஸ்க்' என்று காட்டிய பிறகுதான் தெரியும். நம்ம ஜனங்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள், எல்லாவற்றுக்கும் 'சிடி' என்று ஒரே பேர். 'டிவிடி சிடி இருக்கா?' என்று கேட்பதைப் பார்த்து நகரத்துக்காரர்கள் சிரிப்பார்கள். எனக்கு அதில் தவறு ஒன்றும் தெரியவில்லை. 12 செ.மீ. தட்டுக்குப் பேர் சிடி, அதில் எந்த வகை என்பது அடைமொழி. தமிழ் இலக்கணப்படி சரியாகத்தான் இருக்கிறது.

இனி நான் முதலில் சொன்ன அந்த 25 வருடக் குழப்பம். இதற்கு 1980-களுக்குப் போக வேண்டும்.

1982-ல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டித்தான் இந்தியாவில் கலர் ஒளிபரப்பே வந்தது. கூடவே வெளிநாட்டிலிருந்து வீடியோ பிளேயர்களும் வந்தன. நம்ம ஊரில் அதற்குப் பெயர் 'டெக்'. டிவியும் டெக்கும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்து, தெருவே உட்கார்ந்து விடிய விடிய மூன்று படம் பார்த்த கதையை எல்லா வீட்டுப் பெரியவர்களும் சொல்வார்கள். சோனியின் பீட்டாமேக்ஸ் 1975-ல் வந்தது, ஜேவிசியின் விஎச்எஸ் 1976-ல். இந்தியாவில் டெக் பரவிய நேரத்தில் விஎச்எஸ் கை ஓங்கிவிட்டதால் அந்தச் சண்டை நம்மைப் பெரிதாகத் தொடவில்லை. தொட்டது வேறு ஒன்று.

கடலூரை வரைபடத்தில் பாருங்கள். வடக்கே 22 கிலோமீட்டரில் பாண்டிச்சேரி. சிதம்பரத்துக்குத் தெற்கே கடற்கரையோடு போனால் காரைக்கால். இரண்டும் பழைய பிரெஞ்சுப் பகுதி, இன்றைக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் அங்கே உண்டு. நடுவில் பரங்கிப்பேட்டை, அங்கிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூர், மலேசியாவுக்கும் போனவர்கள் ஏராளம். கடலூர், சிதம்பரத்துக்காரர்களுக்கு இந்த ஊர்களிலெல்லாம் கொண்டான் கொடுத்தான் உறவு உண்டு. பிறகு படித்துவிட்டு அமெரிக்கா போனவர்கள் வேறு. இத்தனை திசையிலிருந்தும் லீவில் வருகிறவர்கள் பெட்டியில் டெக்கும் கேசட்டும் கொண்டுவருவார்கள்.

இந்தியா, சிங்கப்பூர், துபாய் எல்லாம் பால் என்ற கலர் முறை. பிரான்ஸில் செகாம். அப்போது சவூதியிலும் செகாம். அமெரிக்காவில் என்டிஎஸ்சி. செகாமும் பாலும் 625 வரிதான், நொடிக்கு 25 படம்தான், ஆனால் கலரை எழுதி வைக்கும் விதம் வேறு. அதனால் பாரிஸில் பதிந்த பிறந்தநாள் கேசட்டை இங்கே சாதாரண டெக்கில் போட்டால் படம் ஓடும், சத்தம் வரும், ஆனால் எல்லாம் கறுப்பு வெள்ளை! அமெரிக்கக் கேசட் அதற்கும் மோசம். அங்கே 525 வரி, நொடிக்கு 30 படம் என்பதால் பல டிவிகளில் படம் நிற்காமல் உருண்டுகொண்டே இருக்கும். இதற்கு மருந்தாக வந்ததுதான் 'மல்ட்டி சிஸ்டம்' டெக். விலை அதிகம் என்றாலும், உறவினர் மூன்று நாட்டில் இருந்தால் வேறு வழியில்லை.

இந்தச் சிக்கலாவது எஞ்சினியர்கள் ஆளுக்கொரு முறை கண்டுபிடித்ததால் வந்தது. டிவிடி வந்தபோது வந்தது வேண்டுமென்றே போட்ட வேலி. உலகத்தை ஆறு மண்டலமாகப் பிரித்து, ஒரு மண்டலத்து டிஸ்க் இன்னொரு மண்டலத்துப் பிளேயரில் ஓடாதபடி பூட்டு வைத்தார்கள். ஹாலிவுட் படம் ஒவ்வொரு நாட்டிலும் வேறு வேறு நாளில் தியேட்டருக்கு வரும், டிஸ்க் முந்திக்கொள்ளக் கூடாது என்பது காரணம். இந்தியா 5-வது மண்டலம். பிரான்ஸும் வளைகுடாவும் 2. சிங்கப்பூர், மலேசியா 3. அமெரிக்கா 1. மேலே சொன்ன குடும்பத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள், ஒரே வீட்டு அண்ணன் தம்பிகள் நாலு மண்டலம்!

இதை உடைத்தது சட்டமோ அரசாங்கமோ அல்ல, பெயர் தெரியாத சீனப் பிளேயர்கள். அவற்றில் பலவற்றில் மண்டலப் பூட்டே கிடையாது, அல்லது ரிமோட்டில் நாலு பொத்தானை அழுத்தினால் திறந்துவிடும். திருட்டு டிஸ்க்கிலும் பூட்டு கிடையாது. தமிழ்நாட்டில் 2004-லேயே வீடியோ திருடர்களைக் குண்டர் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள், அது சரியான நடவடிக்கைதான், படம் எடுப்பவன் பிழைக்க வேண்டாமா? ஆனால் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். காசு கொடுத்து ஒரிஜினல் வாங்கியவனுக்குத்தான் மண்டலக் குழப்பம், ரோட்டோரத்தில் திருட்டு டிஸ்க் வாங்கியவனுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. புதுப்படத்துக்கு இங்கே ஒரிஜினல் டிஸ்க் சீக்கிரம் வருவதும் இல்லை. சேரன் 2015-ல் சி2எச் என்ற பெயரில் 'ஜேகே எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தை 50 ரூபாய் டிவிடியாக நேரடியாக வீட்டுக்கே கொண்டுவந்தார். நல்ல யோசனை. ஆனால் அதற்குள் டிஸ்க் காலமே முடிந்துகொண்டிருந்தது.

இப்போது 2008-க்குத் திரும்புவோம். ஜெயித்த புளூரேயிலும் மண்டலம் உண்டு. ஆறை மூன்றாகக் குறைத்தார்கள், அவ்வளவுதான். சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா ஏ. ஐரோப்பாவும் வளைகுடாவும் பி. இந்தியா சி. ஆக, நம்ம கடற்கரைக் குடும்பங்களுக்கு உறவினர் வாங்கி வரக்கூடிய எந்த நாட்டு டிஸ்க்கும், பூட்டு போட்டிருந்தால், இங்கே வாங்கிய பிளேயரில் ஓடாது.

தோற்றுப்போன எச்டி டிவிடியில் மண்டலப் பூட்டே கிடையாது! எந்த நாட்டில் வாங்கினாலும் எங்கேயும் ஓடும். பிளேயர் விலையும் குறைவு, 2007 நவம்பரில் அமெரிக்காவில் நூறு டாலருக்கும் கீழே விற்றார்கள். எங்கள் பக்கத்துக்குப் பொருத்தமானது எது என்று கேட்டிருந்தால் அதுதான். ஆனால் யாரும் கேட்கவில்லை. சண்டையை முடித்துவைத்தது ஹாலிவுட் ஸ்டூடியோக்களும் அமெரிக்கக் கடைகளும். மண்டலப் பூட்டு ஸ்டூடியோக்களுக்குப் பிடித்த விஷயம் என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு நம்ம ஊரில் 'எச்டி', 'புளூரே' என்பவை பொருள் என்பதை விட்டு வெறும் பட்டமாக ஆகிவிட்டன. சாதா டிவிடியில் புளூரேயிலிருந்து எடுத்த படத்தைச் சுருக்கிப் பதிந்துவிட்டு 'புளூரே பிரிண்ட்' என்று ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். டிவிடியாகப் பதிந்தால் அதே 576 வரிதான். டிவி கடையில் 'எச்டி ரெடி' என்றால் 768 வரி, 'ஃபுல் எச்டி' என்றால் 1080 வரி. சன் டிவி எச்டி 2011-ல் வந்தபோது, புது டிவி வாங்கிவிட்டோமே ஏன் படம் பழைய மாதிரியே இருக்கிறது என்று கேட்டவர்கள் பலர். செட்டாப் பாக்ஸும் எச்டியாக இருக்க வேண்டும், வயரும் எச்டிஎம்ஐயாக இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

சினிமா போகட்டும். ஒரு டிஸ்க் ஓடவில்லை என்றால் இன்னொரு டிஸ்க், இல்லாவிட்டால் இருக்கவே இருக்கிறது செல்போன். திரும்பக் கிடைக்காதது வீட்டு விசேஷப் பதிவுகள். 80, 90-களில் கல்யாணம் நடந்த வீடுகளில் விஎச்எஸ் கேசட். 2000 வாக்கில் மூன்று நான்கு விசிடிகளாக ஒரு ஆல்பம். பிறகு டிவிடி. 2006-லிருந்து எச்டி கேமராக்கள் மெல்ல ஸ்டூடியோக்காரர்கள் கைக்கு வந்தன. ஆனால் எச்டியில் எடுத்ததைக் கொடுக்க ஒரு டிஸ்க் வேண்டுமே. வாங்குகிறவர் வீட்டில் புளூரே பிளேயர் இருக்காது. அதனால் 1080 வரியில் எடுத்த முகூர்த்தத்தை 576 வரியாகக் குறைத்து டிவிடியில் கொடுத்துவிட்டு, டேப்பையோ கார்டையோ அழித்து அடுத்த கல்யாணத்துக்குப் போய்விடுவார்கள். அது ஸ்டூடியோக்காரர் தப்பு என்று சொல்ல மாட்டேன், அன்றைக்கு ஹார்ட் டிஸ்க் விற்ற விலை அப்படி. ஆனாலும் நல்ல தரத்தில் எடுக்கப்பட்ட எத்தனையோ பேர் முகங்கள் அப்படித்தான் பாதியாகிப் போயின.

கேசட்டுகளின் நிலைமை இன்னும் மோசம். கடலோர ஈரத்தில் டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை படரும். போதாக்குறைக்கு 2004 டிசம்பர் 26 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம் என்று மூன்று முறை கடலூர் மாவட்டத்து வீடுகள் நனைந்தன. தப்பித்த கேசட்டை ஓட்டலாம் என்றால் டெக் கிடையாது. கடைசியாக விஎச்எஸ் டெக் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. 28 ரூபாய் விசிடி விற்ற மோசர் பேர் திவாலாகி 2018-ல் கலைக்கப்பட உத்தரவானது. சண்டையில் ஜெயித்த சோனியே, நாம் பதிந்துகொள்ளும் வெற்று புளூரே டிஸ்க் தயாரிப்பை 2025 பிப்ரவரியில் முடித்துக்கொண்டது.

உங்கள் வீட்டுப் பரணில் விஎச்எஸ் கேசட் இருந்தால், கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும் கடைக்குக் கொண்டுபோவதற்கு முன் அதன் முதுகில் எழுதியிருப்பதைப் பாருங்கள். இ-180 என்று இ எழுத்தில் ஆரம்பித்தால் பால் அல்லது செகாம் நாட்டுக் கேசட், டி-120 என்று டி எழுத்து இருந்தால் பெரும்பாலும் அமெரிக்கா பக்கத்தது. டி என்றால் என்டிஎஸ்சி ஓட்டும் டெக் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பூஞ்சை இருந்தால் சுத்தம் செய்யாமல் ஓட்ட வேண்டாம், டேப்பும் கிழியும், டெக்கின் ஹெட்டும் கெடும். இ கேசட் கறுப்பு வெள்ளையாக ஓடினால், நிறம் போய்விட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது பிரான்ஸிலிருந்தோ சவூதியிலிருந்தோ வந்ததாக இருக்கலாம். நிறம் டேப்பிலேயேதான் இருக்கிறது, செகாம் படிக்கத் தெரிந்த மல்ட்டி சிஸ்டம் டெக்கில் போட்டால் வரும்.